திரையோடு பேசிப் பழகுவது

என் பெரியம்மா மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தே காலத்தைக் கழித்தவர். படம் பார்க்கும்போது அவரால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டி எப்போதாவது படம் காட்டுவார்களாம். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்கார்வார்கள். அங்கிருந்து பார்த்தால் கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். பனி இறங்கும்; கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயமே அங்கே கூடியிருக்கும். வில்லன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பான், கதாநாயகி விளக்கோடு உள்ளே போவாள். திடல் முழுவதும் ஒரே குரலில் கத்தும்: “போகாதடி!”

அவள் போய்விடுவாள். “எவ்வளவு கத்துனாலும் அவளுக்குக் கேக்காதுய்யா” என்று பெரியம்மா இன்றைக்கும் அதே ஆற்றாமையோடு சொல்வார்.

அந்தக் குரல் கேட்கிற திரை ஒன்று நம் காலத்தில் வந்திருக்கிறது. இளைஞர்கள் அதை ‘ஸ்டோரி கேம்’ என்கிறார்கள். எழுதுகிறவர்கள் ‘ஊடாடும் திரைப்படம்’ என்கிறார்கள். பார்க்கச் சினிமா மாதிரியே இருக்கும். நடிகர்கள், ஒளிப்பதிவு, பின்னணி இசை, அழ வைக்கிற காட்சி எல்லாம் உண்டு. ஆனால் கதவுக்கு முன்னால் வந்ததும் அந்தப் பெண் நின்றுவிடுவாள். உள்ளே போகட்டுமா, திரும்பட்டுமா என்று உங்களைக் கேட்பாள். அதற்குப் பிறகு வருவதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

இதைப் பலர் பாதியிலேயே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பந்தயம், சண்டை என்று விளையாடிப் பழகிய பிள்ளைகளுக்கு இதில் ஜெயிக்க ஒன்றும் இல்லை. சினிமா பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கோ நடுவில் பொத்தானை அழுத்தச் சொல்வது எரிச்சலாக இருக்கிறது. இரண்டு பேருமே வேறு எதற்கோ பழகிய கையோடு இதைத் தொடுகிறார்கள். இதற்கென்று ஒரு ரசனை இருக்கிறது. அது பழகினால் வரும்.

தமிழர்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன்: ‘வெண்பா’. கனடாவின் டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு உருவாக்கி 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரின் கதை அது. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்ற பரிசை வாங்கியது. பேசிப் பேசித்தான் கதை நகரும். நடுநடுவே நீங்கள் சமைக்க வேண்டும். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் பழசாகி, கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. அழிந்துபோன இடத்தை நீங்கள்தான் யோசித்து நிரப்ப வேண்டும்.

போன பள்ளி விடுமுறையில் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். மதியமே மழை பிடித்துவிட்டது. எதிர்ச் சரிவில் இருந்த தேயிலை கண்ணுக்குத் தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. பசியாறிவிட்டு, ஆளுக்கொரு மங்கில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தோம். முதல் அத்தியாயத்தில் வெண்பாவுக்கு உடம்பு சரியில்லை. இருந்தாலும் எழுந்து வந்து கணவனுக்கு இட்லி ஊற்றுகிறாள். குறிப்பில் பாதி வரி இல்லை. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நான் குழம்பி நின்றேன்.

பெரியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். “எழுத்து அழிஞ்சா என்னய்யா? கைக்குத் தெரியாதா?” என்றார். பிறகு என் கையை நகர்த்திவிட்டு அவரே தட்டை இழுத்து வைத்தார். கணினியை அவர் அதற்கு முன் தொட்டதே இல்லை.

இந்த வகை விளையாட்டின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. வெண்பாவின் குறிப்பை நீங்கள் படிக்க மட்டும் செய்தால் அது ஒரு புதிர். உங்கள் கை ஏற்கனவே இட்லி ஊற்றிய கையாக இருந்தால் அதுவே ஒரு நினைவு. புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாற்றி மாற்றிப் போடும் அத்தியாயம் வரும்போது, அடுத்து எது என்று நீங்கள் யோசிக்கவே மாட்டீர்கள். பெயர் தெரியாத ஏதோ ஒரு நாட்டில் இதே விளையாட்டை ஆடும் ஒருவர் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடிப்பதை நம் பாட்டிமார் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார்கள். நம் வீட்டு அறிவு ஒரு விளையாட்டில் திறமையாக எண்ணப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். தவறாகச் செய்தாலும் ஒன்றும் ஆகாது, மறுபடி செய்யலாம். இதில் தோல்வி என்பது இல்லை.

ஆனால் சமையலோடு நின்றுவிடாதீர்கள். மகன் வளர வளர அம்மாவின் தமிழுக்கு எப்படிப் பதில் சொல்கிறான் என்று கவனியுங்கள். அடுப்படியில் வானொலி பாடுவதைக் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டும் தமிழ்ச் சினிமா இசையின் ஒவ்வொரு காலத்தை ஞாபகப்படுத்தும்படி புதிதாக மெட்டமைத்தது. பாட்டு மாறுவதை வைத்தே எத்தனை வருடம் ஓடிவிட்டது என்று பெரியம்மா சொல்லிவிட்டார். முடிவை இங்கே சொல்லப்போவதில்லை. முழுக்கதைக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஒரே மூச்சில் ஆடி முடியுங்கள்; நடுவில் எழுந்து போகாதீர்கள்.

கையைப் பற்றிச் சொன்னேன். இந்த வகையில் பெரிய படைப்புகள் எல்லாம் கையை வைத்துத்தான் கதை சொல்கின்றன. பாரிஸில் இருக்கும் குவாண்டிக் டிரீம் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த ‘ஹெவி ரெயின்’ இதற்கு நல்ல உதாரணம். கொலைகாரனைத் தேடும் கதைதான். ஆனால் முதல் அரைமணி நேரம் ஒரு தகப்பன் தூங்கி எழுகிறான், குளிக்கிறான், மனைவி கேட்டபடி சாப்பாட்டு மேசையில் தட்டுகளை வைக்கிறான். தட்டை வைக்கும்போது நீங்கள் கண்ட்ரோலரின் குச்சியை மெதுவாகத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் கை தடுமாறும். “எதற்கு இதெல்லாம், கதைக்கு வா” என்று பலர் இந்த இடத்தில் பொறுமை இழக்கிறார்கள்.

பொறுங்கள். சீக்கிரமே அந்தக் குடும்பத்தில் ஒரு பேரிழப்பு வருகிறது. இரண்டு வருடம் கழித்து அதே தகப்பனை வேறொரு வீட்டில் பார்க்கிறோம். சின்ன வீடு, வெளியே ஓயாத மழை. பள்ளிவிட்டு வந்த மகன் பேசாமல் தொலைக்காட்சி முன்னால் உட்காருகிறான். சமையலறைச் சுவரில் ஒரு பலகை. எத்தனை மணிக்குச் சிற்றுண்டி, எத்தனை மணிக்குப் பாடம், எத்தனை மணிக்குத் தூக்கம் என்று அதில் எழுதியிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கலாம். கொடுக்காமல் மூலையில் சும்மாவும் உட்காரலாம். முதல் வீட்டில் நிதானமாகத் தட்டு வைத்தவருக்குத்தான் இந்த வீட்டின் வெறுமை உறைக்கும். அங்கே அவசரப்பட்டவருக்கு இங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் தோன்றும்.

கொழுந்து எடுப்பவர்களுக்கு இது புரியும். இப்போது மலையில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன; எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள். பெரியம்மா காலத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல் நுனியால் கிள்ளி எடுத்தார்கள். முற்றிய இலை எது, தளிர் எது என்று கண் பார்க்கும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும் என்பார். இந்த விளையாட்டுகளை அப்படித் தொட்டுப் பாருங்கள். அறையில் மேசை இழுப்பறை இருந்தால் திறங்கள். சுவரில் படம் மாட்டியிருந்தால் நின்று பாருங்கள். கதை உங்களை அவசரப்படுத்தாத இடத்தில் நீங்களாக அவசரப்படாதீர்கள்.

அவசரப்படுத்தும் இடங்களும் உண்டு. 2012-இல் டெல்டேல் நிறுவனம் ஐந்து பகுதிகளாக வெளியிட்ட ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டில், ஒருவர் கேள்வி கேட்டதும் நான்கு பதில்கள் கீழே வரும், அதோடு நேரமும் கரையத் தொடங்கும். யோசித்துக்கொண்டே இருந்தால் நேரம் தீர்ந்துவிடும். அதையும் விளையாட்டு ஒரு பதிலாக எடுத்துக்கொள்கிறது: நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். எதிரில் இருப்பவர் அதை மனதில் வைத்துக்கொள்வார். கிளெமன்டைன் என்ற சிறுமி இதை ஞாபகம் வைத்திருப்பாள் என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி வரும்போது வயிற்றில் ஏதோ செய்யும். நம் வீடுகளில் அப்பாக்கள் பேசாமல் இருந்தே எத்தனை பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆகவே, பதில் தெரியாதபோது அவசரமாக எதையாவது அழுத்தாதீர்கள். மௌனமும் உங்கள் தேர்வுதான்.

நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. முதல் தடவை ஆடும்போது பின்னால் போகாதீர்கள். தவறான பதில் சொல்லிவிட்டோம், ஒரு ஆள் செத்துப்போனான், பழைய இடத்துக்குப் போய்த் திருத்திவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். ‘ஹெவி ரெயின்’ கதையில் நான்கு முக்கியப் பாத்திரங்கள். அவர்களில் யார் இறந்தாலும் கதை நிற்காது, மிச்சம் இருப்பவர்களோடு மேலே போகும். அந்தக் காலி இடம்தான் உங்கள் கதை. அதைத் திருத்தி அடைத்துவிட்டால் எல்லோரிடமும் இருக்கும் அதே கதைதான் உங்களிடமும் இருக்கும்.

இதையே கருவாக வைத்து வந்தது 2015-இல் வெளியான ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’. அதில் வரும் மாணவிக்குக் காலத்தைப் பின்னால் சுற்றும் சக்தி இருக்கிறது. சொன்ன சொல்லை வாபஸ் வாங்கலாம், உடைந்ததை ஒட்டலாம். நமக்கும் அது பழகிவிடும். பிறகு மனமுடைந்த ஒரு தோழியிடம் பேசியே ஆக வேண்டிய நேரம் வருகிறது; அங்கே அந்தச் சக்தி கைவிட்டுவிடுகிறது. அப்போது உங்களைக் காப்பாற்றுவது ஒன்றுதான். முன்னால் அந்தத் தோழியின் அறைக்குப் போனபோது அவள் யாரைப் பற்றிப் பேசினாள், சுவரில் யார் படம் இருந்தது என்று கவனித்தீர்களா? கவனித்தவருக்கு வார்த்தை கிடைக்கும். நான் கவனிக்கவில்லை. அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. அடுத்த வாரம் என் தம்பி போனில் பேசும்போது அவன் சொன்ன ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டேன்.

“எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தானே கொண்டுவருகிறார்கள், அப்புறம் என்ன தேர்வு?” என்று ஒரு குறை சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்த வகைக்கே முன்னோடி என்று சொல்லத்தக்க ‘கினோஆட்டோமாட்’ 1967-இல் கனடாவின் மொன்றியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கிய அரங்கில் ஓடியது. நாற்காலிக்கு நாற்காலி சிவப்பும் பச்சையுமாக இரண்டு பொத்தான்கள். நடுநடுவே படத்தை நிறுத்தி, ஒருவர் மேடைக்கு வந்து, அடுத்து என்ன நடக்கட்டும் என்று ஓட்டெடுப்பார். ஆனால் படம் ஆரம்பிப்பதே ஒரு வீடு தீப்பிடித்து எரிவதில்தான். எப்படி ஓட்டுப் போட்டாலும் கதை அந்தத் தீக்குத்தான் வந்து சேரும். இயக்குநர் ராதூஸ் சின்செரா அதை அப்படித்தான் கட்டியிருந்தார்.

நான் இதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. எங்கள் மலைக்குத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய பாதை ஒன்று, சிம்பாங் பூலாயிலிருந்து வரும் அகலமான பாதை ஒன்று. இரண்டும் பிரிஞ்சாங்குக்கு வரும். தாப்பா பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு, வழியில் அருவியைப் பார்த்துக்கொண்டு வந்தவரும், மற்றப் பாதையில் தூங்கிக்கொண்டே வந்தவரும் ஒரே பயணம் செய்தார்கள் என்று யாராவது சொல்வார்களா? தெருக்கூத்தில் துரியோதனன் சாவான் என்று தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்.

எல்லாமே சிறப்பாக வந்திருக்கின்றன என்று சொல்லமாட்டேன். ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’ 2018-இல் வந்தது. 2038-ஆம் ஆண்டில் மனிதருக்கு வேலை செய்ய விற்கப்படும் இயந்திர மனிதர்கள் விழித்துக்கொள்ளும் கதை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்ட அடையாளங்களைச் சில இடங்களில் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அது உறுத்துகிறது. ஆனால் ஆரம்பத்தில் ஒரு காட்சி என்னை உலுக்கியது. அந்த இயந்திர மனிதர்கள் பேருந்தின் பின்பகுதியில், தங்களுக்கென்று ஒதுக்கிய அடைப்புக்குள், சீருடையோடு வரிசையாக நின்றுகொண்டு போகிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எனக்குத் தோட்டத்துப் பெரட்டு ஞாபகம் வந்தது. விடியும் முன்பு இருட்டில் வரிசையாக நிற்க, கிராணி செக்ரோலைப் பார்த்துப் பேர் வாசிப்பதைப் பெரியம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு விளையாட்டு உங்கள் வீட்டுக் கதையைத் தெரியாமலே தொட்டுவிடும் கணம் வந்தால், நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

அதே விளையாட்டின் முதல் காட்சியில், பிணைக்கைதியாகப் பிடிபட்ட ஒரு சிறுமியை மீட்க விரைகிறீர்கள். ஒவ்வொரு விநாடியும் முக்கியம் என்று திரை சொல்லிக்கொண்டே இருக்கிறது. உடைந்த மீன் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு சின்ன மீன் துடித்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துத் தண்ணீரில் விடலாம், தாண்டியும் போகலாம். சிறுமியை மீட்க அந்த மீன் தேவையில்லை. நான் குனிந்து எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இனி சில நடைமுறை விஷயங்கள். ‘ஹெவி ரெயின்’, ‘டெட்ராய்ட்’, ‘தி வாக்கிங் டெட்’ மூன்றும் பெரியவர்களுக்கானவை. ரத்தமும் வன்முறையும் உண்டு. பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆடாதீர்கள். விரைவாகப் பொத்தான் அழுத்த வராதவர்கள் ஆரம்பத்திலேயே எளிய நிலையைத் தேர்ந்தெடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கதை அதேதான். எழுத்தைத் திரையில் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள், மழை தகரத்தில் விழும்போது வசனம் காதில் விழாது. ‘டெட்ராய்ட்’ ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்ததும் எந்தெந்த வழி இருந்தது என்று ஒரு வரைபடம் காட்டும். முதல் முறை அதை உற்றுப் பார்க்காமல் கடந்து போங்கள்.

முடிந்தவரை தனியாக ஆடாதீர்கள். 2022-இல் வந்த ‘ஆஸ் டஸ்க் ஃபால்ஸ்’ எட்டுப் பேர் வரை சேர்ந்து ஆடுவதற்கென்றே செய்தது. ஆளுக்கொரு கைப்பேசியில் ஓட்டுப் போடலாம்; அதிகம் பேர் சொன்ன வழியில் கதை போகும். தீபாவளிக்கு வீடு நிறைந்திருக்கும்போது ஆடிப் பாருங்கள். வாயே திறக்காத மாமா எந்தப் பக்கம் ஓட்டுப் போடுகிறார் என்பதில் உங்களுக்கு நிறையத் தெரியவரும்.

முடித்த பிறகு மற்றவர்களிடம் பேசுங்கள். பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று எங்கள் மலையின் தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனார், திரும்பவே இல்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் எங்கள் மலையில் ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள், ஒவ்வொரு முடிவும் அதைச் சொல்பவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லும். இந்த விளையாட்டுகளும் அப்படியே. உங்கள் நண்பர் யாரைக் காப்பாற்றினார், எங்கே பொய் சொன்னார் என்று கேளுங்கள். ‘தி வாக்கிங் டெட்’ ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் உலகத்தில் எத்தனை சதவீதம் பேர் உங்களைப் போல முடிவெடுத்தார்கள் என்று காட்டும். அதைவிட, பக்கத்தில் இருப்பவர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று கேட்பது எனக்குப் பிடிக்கும்.

அன்று ‘வெண்பா’ முடிந்தபோது மழை விட்டிருந்தது. பெரியம்மா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தப் புள்ள நாம சொன்னதைக் கேட்டுச்சு, பாத்தியா?” என்றார்.

அடுத்த மழை நாளில் ‘வெண்பா’வை எடுங்கள். சாதாரண மடிக்கணினியே போதும். வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், இட்லித் தட்டு வரும்போது கையை எடுத்துவிட்டு அவரிடம் கொடுங்கள்.